நாற்பதாவது இடம்

பாசிர் கூடாங்
13 அக்டோபர் 2024

சாந்தினிக்கு,

‘அக்கா’ என்று போடவில்லை, கவனித்திருப்பாய். நீ என்னைவிட எட்டு மாதம் மூத்தவள் என்பதற்காக இத்தனை வருஷம் கொடுத்த மரியாதை அது. இங்கே நான் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, நாளையிலிருந்து காலை ஷிஃப்டுக்கு மாறுகிறார். மூவாரில் பெரியம்மாவும் பெரியப்பாவும் சுகம்தானே? உன்னை விசாரிக்க மனம் வரவில்லை. முறைக்கு விசாரித்ததாக வைத்துக்கொள்.

வியாழக்கிழமையிலிருந்து உன்னை முப்பத்தேழு முறை அழைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் வரவில்லை. அதனால்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் விரைவு அஞ்சலில் இதை அனுப்புகிறேன். பெரியம்மாவாவது வாங்கி உன் மடியில் போடுவார்.

நடந்தது உனக்குத் தெரியும். பிறகு ‘விளங்கவில்லை’ என்று நீ சொல்லக்கூடாது என்பதற்காக மறுபடியும் எழுதுகிறேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு வகுப்புக்கு நாற்பதே இடம். வருஷத்துக்கு ஒருமுறை, முதல் பருவத்தில் மட்டும்தான் நடத்துவார்கள். பதிவு திறந்த ஞாயிறு காலை என் கணக்கு பூட்டிக் கிடந்தது. என் ஆலோசகர் வெளிநாட்டில் இருந்தார், அவர் ஒப்புதல் தராமல் அது திறக்காது. நீதான் சொன்னாய், “பயப்படாத லா, நான் உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்” என்று. உனக்கு அந்த வகுப்பு தேவையே இல்லை. நீ மூவார் பக்கத்துக் கிளை வளாகத்தில் வேறு பிரிவு படிக்கிறாய். ஆனால் இரண்டு வளாகத்துக்கும் ஒரே பதிவுப் பக்கம். சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மேசை பிடிப்பதுபோல எல்லா மாணவர்களும் செய்வதைத்தான் நாமும் செய்தோம். நான்கு நிமிடத்தில் நாற்பதும் நிரம்பியது. நாற்பதாவது பெயர் உன்னுடையது.

வியாழன் சரியாக மூன்று மணிக்கு நீ இடத்தை விட வேண்டும், அதே நொடியில் நான் எடுக்க வேண்டும் என்று பேசி வைத்தோம். என் கணக்கும் அன்று காலையே திறந்துவிட்டது. நூலகத்தில் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். நாற்பதுக்கு நாற்பது. நீ விடவே இல்லை.

இந்த வகுப்பை முடிக்காமல் மார்ச்சில் பிந்துலு எரிவாயு ஆலைக்கு என்னைப் பயிற்சிக்கு எடுக்க மாட்டார்கள். எங்கள் துறையிலிருந்து மூன்று பேரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அதில் நான் ஒருத்தி. சரவாக்குக்குப் போகும் விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்றுகூட உன்னிடம் பேசியிருக்கிறேன்.

உன் வீட்டுக்கே வந்திருப்பேன். “அவ வாசல்ல போய் நிக்காத” என்று அம்மா தடுத்துவிட்டார். சேர்க்கவும் நீக்கவும் 24ஆம் தேதிவரை அவகாசம் இருக்கிறது. விட்டுவிடு. எந்த நிமிடம் என்று ஒரு வரி அனுப்பினால் போதும், காரணம் கேட்க மாட்டேன்.

பிரேமலா


மூவார்
18 அக்டோபர் 2024

அன்புள்ள பிரேமா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் பட்டறையில் தீபாவளிக்கு முன்னால் முடிக்க வேண்டிய நாற்காலிகள் குவிந்து கிடக்கின்றன, வீடு முழுக்க மரத்தூள். சித்தியின் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

உன் அழைப்பை எடுக்காதது தவறுதான். உன் குரலைக் கேட்டால் என்னால் தாங்க முடியாது.

நான் அந்த இடத்தை விடப்போவதில்லை. 24ஆம் தேதிவரை நீ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை உடனே எழுதுகிறேன். காரணம் கேட்க மாட்டேன் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதைப் பிடித்துக்கொள்கிறேன். உனக்குக் கெடுதல் நினைத்து நான் இதைச் செய்யவில்லை. இதை நீ நம்ப மாட்டாய்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைச் சித்திக்குப் படித்துக் காட்டு.

சாந்தினி


பாசிர் கூடாங்
27 அக்டோபர் 2024

சாந்தினிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அது போதும் உனக்கு.

பதிவு மூடிவிட்டது. நீ சொன்னாய் என்பதற்காக நான் பார்க்காமல் இருக்கவில்லை. காலை, மதியம், மாலை என்று 24ஆம் தேதி ஐந்து மணிவரை பார்த்தேன். துறை அலுவலகத்துக்கும் போனேன். ஆய்வுக்கூடத்தில் நாற்பது பேருக்குமேல் நிற்கக்கூடாது, அது பாதுகாப்பு விதி என்றார் அங்கிருந்த அம்மாள். பாதுகாப்பு வகுப்புக்கே பாதுகாப்பு விதி. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே கேட்டார். “அஞ்சு வருஷம் சோறு போட்டு வளர்த்தேன். அதுக்கு இதுதான் பலன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரியம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஆனபோது நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடியும்வரை என் கட்டிலில் பாதி உன்னுடையதாக இருந்தது. அம்மா உனக்குத் தலை வாரிய பிறகுதான் எனக்கு வாருவார். அன்று அம்மா வெகு நேரம் அழுதார். என் அம்மாவை அழவைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தீபாவளிக்கு இந்த வருஷம் மூவாருக்கு வருவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். கைப்பேசி, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் உன்னைத் தடுத்துவிட்டேன். மற்றவர்கள் நண்பர்களால் ஏமாந்தேன் என்பார்கள். எனக்கு அந்தச் சமாதானம்கூட இல்லை, நான் ஏமாந்தது கூடப் பிறந்ததுபோல வளர்ந்தவளிடம்.

பெரியம்மா, பெரியப்பாவுக்கு என் தீபாவளி வாழ்த்தைச் சொல்.

பிரேமலா


மூவார்
15 டிசம்பர் 2024

அன்புள்ள பிரேமா,

இது உன் கைக்கு வரும்போது நீயும் சித்தியும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அம்மா, அப்பா சுகம். தீபாவளிக்கு நீங்கள் வராததால் அம்மா உனக்காகச் சுட்ட முறுக்கை யாரும் தொடவில்லை.

நான் ஒரு சத்தியத்தை உடைக்கப்போகிறேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி, நீ இடத்தை எடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள், சித்தி மூவாருக்கு வந்தார். தொழிற்சாலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் பேருந்து மாறி மாறித் தனியாக வந்தார். உன்னிடம் வேலைக்குப் போவதாகச் சொல்லியிருப்பார். அம்மா பட்டறையில் இருந்தார், வீட்டில் நான் மட்டும்தான். தண்ணீர்கூடக் குடிக்காமல் சாமி மேடைமுன் உட்கார்ந்து பேசினார். “உங்க சித்தப்பா பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குத்தான் போனாரு. அரை மணி நேர தூரம். அங்கேயே ஒரு குடும்பம் வச்சிக்கிட்டு திரும்பி வரல. இவ கடலைத் தாண்டிப் போறா. ஒரே ஒரு வருஷம் நிறுத்தி வை. அதுக்குள்ள இங்கேயே ஏதாச்சும் ஆலையில இடம் கிடைச்சிடும்” என்றார்.

நான் முடியாது என்றேன். மூன்று முறை சொன்னேன். அப்போது கற்பூரத்தை ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். இடத்தை விடக்கூடாது, உன்னிடம் சொல்லவும் கூடாது. ஐந்து வருஷம் எனக்குத் தலை வாரிய கை அது. நான் அணைத்தேன்.

முழுவதையும் சொல்கிறேன். எனக்கும் மனசின் ஓரத்தில் நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றிருந்தது. அதை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

அந்த வகுப்புக்கு நான் ஒருநாளும் வரவில்லை. நேற்றோடு அது என் மதிப்பெண் பட்டியலில் ‘விலகல்’ என்று ஏறிவிட்டது. அது பெரிய விஷயமில்லை. நீ சித்தியைப் பழித்துக்கொண்டு அலையவேண்டாம், என்னைப் பழி. ஆனால் தெரிந்துகொண்டு பழி.

பதில் எழுதுவாயா?

சாந்தினி


பாசிர் கூடாங்
23 டிசம்பர் 2024

மகள் சாந்தினிக்கு சித்தி ராசம்மா எழுதிக்கொள்வது,

காய்ச்சல் குறைந்ததா? மிளகு ரசம் வைத்துக் குடி, ஐஸ் தண்ணீர் குடிக்காதே. இங்கே நானும் பிரேமாவும் சுகம்.

நீ அவளுக்குப் போட்ட கடிதத்தை நான்தான் பெட்டியிலிருந்து எடுத்தேன். உறை கனமாக இருந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. படித்தேன். அவளிடம் கொடுக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அவள்முன் உன்னை நான் திட்டுவதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அப்படிப் பேசாவிட்டால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். ராத்திரி படுத்தால் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மார்ச் தாண்டட்டும். பிந்துலு கைநழுவிப் போகட்டும், அதற்குப் பிறகு நானே அவளிடம் சொல்கிறேன். அதுவரை எழுதாதே. நீ எனக்குப் பெறாத பிள்ளை. பெற்ற பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடாதே.

உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியவேண்டாம்.

சித்தி


பாசிர் கூடாங்
9 மார்ச் 2025

சாந்தினிக்கு,

எழுதவே கூடாது என்றிருந்தேன். நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்குள் வேறு ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நேற்று என் வகுப்பு நவ்சாத் பிந்துலுவுக்குப் பயிற்சிக்குப் புறப்பட்டான். என்னுடைய இடம்தான் அவனுக்குக் கிடைத்தது. என்னைப் பொறாமைக்காரியாக நினைக்காதே, நானே போய் வழியனுப்பினேன். பெட்டியை எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது அவன் ஒன்று சொன்னான். பாதுகாப்பு வகுப்பில் ஒவ்வொரு வாரமும் விரிவுரையாளர் உன் பெயரைக் கூப்பிடுவாராம், யாரும் பதில் சொல்வதில்லையாம். ஆறாவது வாரத்துக்குப் பிறகு கூப்பிடுவதையே விட்டுவிட்டாராம்.

இத்தனை மாதம் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்கும் பிந்துலு ஆசை வந்துவிட்டது, நீயே போகப் பார்க்கிறாய் என்று. அதையாவது புரிந்துகொள்ள முடியும், ஆசைதானே. போகவே போகாத வகுப்பில் ஒரு இடத்தை நான்கு மாதம் பூட்டி வைத்திருந்தாயே, எதற்கு? நான் போகக்கூடாது என்பது மட்டும்தானா உனக்கு வேண்டியிருந்தது? நான் உனக்கு என்ன செய்தேன்?

பருவ விடுமுறையில் அம்மா தன் தொழிற்சாலையிலேயே எனக்குத் தற்காலிக வேலை வாங்கிக் கொடுத்தார். தொழிற்சாலைப் பேருந்தில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பார். இந்த நாலைந்து மாதத்தில் அம்மா என்னைத் தாங்கியதுபோல யாரும் யாரையும் தாங்கியிருக்க மாட்டார்கள். தினமும் எனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல்தான். அம்மா மட்டும் இல்லாவிட்டால் நான் படிப்பையே விட்டிருப்பேன். உன்னிடம் ஒன்றும் கேட்காதே என்றுதான் சொல்கிறார். அவருக்குத் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே கேள்வி. ஏன்?

பிரேமலா


மூவார்
23 மார்ச் 2025

அன்புள்ள பிரேமா,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம்.

இதை வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உன் துறை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். நீ கேட்ட கேள்விக்கு டிசம்பர் பதினைந்தாம் தேதியே நான்கு பக்கத்தில் பதில் எழுதிவிட்டேன். நீ இந்தக் கேள்வியைக் கேட்கிறாய் என்றால், அது உன் கைக்கு வரவில்லை.

இதற்குமேல் நான் எழுதக்கூடாது. நீ திரும்பவும் என்னைத் திட்டி எழுதினாலும் எழுத மாட்டேன். உங்கள் அடுக்குமாடியில் கீழே இருக்கும் கடிதப் பெட்டியை, காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு வந்து திறப்பது யார் என்று மட்டும் யோசி. நிதானமாகக் கேள். அவருக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது.

சாந்தினி


மாணவர் விடுதி
20 ஏப்ரல் 2025

சாந்தினிக்கு,

முகவரியைப் பார். வீட்டை விட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வகுப்புக்குப் போகிறேன். உன் காய்ச்சலைப் பற்றி நான்கு மாதம் கழித்துத்தான் படித்தேன். இப்போது சரியாகியிருக்கும்.

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் நான் அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வாரமும் அம்மா சுட்ட தோசையைத் தின்றுகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு, இது பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை துணி மடிக்கும்போது, “சாந்தினி டிசம்பர்ல போட்ட லெட்டர் எங்கம்மா?” என்றேன்.

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. கையிலிருந்த துண்டை முழுக்க மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், தன் சேலைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். உறையைக் கத்தரிக்கோலால் ஒழுங்காகக் கத்தரித்திருந்தார். உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் படித்தேன். அவரும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார். என்னால் முடியவில்லை. “நான் அழுதப்ப நீங்களும் அழுதீங்களே, அது எதுக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

“அது நிஜம்தான்” என்றார். “நீ அழுதா நான் அழுவேன். உன்னை அழ வச்சது நான்னு தெரிஞ்சும் அழுதேன். ஆனா நீ என் பக்கத்துலயே இருந்த இல்ல?”

மன்னிப்புக் கேட்கவில்லை, சாந்தினி. கேட்டிருந்தால் நான் அன்று வீட்டிலேயே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

உன்மேல் உள்ள கோபம் குறையும் என்று நினைக்காதே. ஒரு புதன்கிழமை மாலை, என் வாழ்க்கையில் ஒரு வருஷத்தை நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து வெட்டி எடுத்தீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கு உனக்குப் பெரிதாக இருந்தது, எனக்குக் கொடுத்த வாக்கு இல்லை. நீ கையால் அணைத்தது கற்பூரத்தை மட்டும் இல்லை.

ஆனால் நீ எழுதினாய். ஒருமுறை எழுதி, அது சேரவில்லை என்று தெரிந்து மறுபடியும் எழுதினாய். அதற்காக வாட்ஸ்அப்பில் உன்னைத் திறந்துவிட்டிருக்கிறேன். செய்தி எதுவும் அனுப்பாதே. திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பிரேமலா


பாசிர் கூடாங்
17 ஆகஸ்ட் 2025

மகள் பிரேமாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நீ நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம். முட்டிக்கு டாக்டர் புது மாத்திரை கொடுத்திருக்கிறார்.

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் நானும் கடிதம் எழுதுகிறேன். இதோடு நெத்திலிச் சம்பல் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். எண்ணெய் கசியாமல் இரண்டு பை போட்டுக் கட்டியிருக்கிறேன். விடுதியில் பகிர்ந்து சாப்பிடு.

உன் அறை அப்படியேதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றுகிறேன். எங்கள் தொழிற்சாலைப் பேருந்தில் புது டிரைவர், ரொம்ப வேகம். பேருந்தில் என் பக்கத்தில் உட்காரும் கஸ்தூரி உன்னைக் கேட்டாள், பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த பருவத்துக்குப் பதிவு எப்போது? பிந்துலுவுக்கு மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறாயா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தீபாவளி அக்டோபர் இருபதாம் தேதி வருகிறது. உனக்கு என்ன நிறத்தில் எடுக்கட்டும்?

அம்மா


மாணவர் விடுதி
9 அக்டோபர் 2025

அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சம்பல் போத்தல் உடையாமல் வந்து சேர்ந்தது. பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, எழுத என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. துணி எடுக்க வேண்டாம்.

பதிவு எப்போது என்று கேட்டீர்கள். முடிந்துவிட்டது. அதனால்தான் இப்போது சொல்கிறேன். முன்னால் சொல்லியிருக்க மாட்டேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தது. இந்த முறை என் ஆலோசகரைத் துறை வாசலிலேயே பிடித்து ஒரு மாதத்துக்கு முன்னாலேயே ஒப்புதல் வாங்கிவிட்டேன். ஏழு மணிக்கே நூலகத்தின் வாசலில் போய் நின்றேன். இடம் பிடித்து வைக்கட்டுமா என்று முதல் நாள் சாந்தினி கேட்டிருந்தாள். வேண்டாம் என்றேன். இனி எனக்காக யாரும் எதையும் பிடித்து வைக்க வேண்டாம். அந்த வகுப்பில் பதினொன்றாவது பெயர் என்னுடையது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். பிந்துலுவுக்கும் எழுதிப் போட்டு, பதிலும் வந்துவிட்டது.

இந்த வருஷம் பதிவின் கடைசிப் பக்கத்தில் ஒன்று புதிதாகக் கேட்டார்கள். மாணவருக்கு ஆபத்து என்றால் முதலில் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று. பெயர், உறவு, தொலைபேசி எண். நான் அதைக் காலியாக விட்டு அழுத்தினேன். பக்கம் நகரவில்லை, சிவப்பாகக் கோடு போட்டுக் காட்டியது. மேலே மூலையில் வகுப்பில் மீதமிருக்கும் இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. சாந்தினியின் பெயரைப் பாதி எழுதி அழித்தேன். பெரியம்மா என்று எழுதினேன், அதையும் அழித்தேன். எங்கிருக்கிறார் என்றே தெரியாத அப்பாவைக்கூட நினைத்தேன். கடைசியில் உங்கள் பெயரையும் எண்ணையும் போட்டேன். இருபத்து மூன்று வயதில் எனக்கு எழுத வேறு பெயர் இல்லை. இதை நான் மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா.

என்றைக்குப் புறப்படுகிறேன், எந்த விமானம், எங்கே தங்கப்போகிறேன் என்று உங்களிடம் சொல்லப்போவதில்லை. எனக்கு ஏதாவது நடந்தால் மட்டும் அவர்களே உங்களை அழைப்பார்கள். அழைப்பு வராத நாளெல்லாம் நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பிரேமலா